ஆயிரம் பேருக்கு அசனம்: சபைத் தொண்டர்களுக்கான முழு வழிகாட்டி

நெல்லை, தூத்துக்குடி பக்கத்துக் கிறிஸ்தவ சபைகளில் பிரதிஷ்டைப் பண்டிகை (ஆலயம் அர்ப்பணிக்கப்பட்ட நாளின் ஆண்டு விழா) என்றால் அசனம், அதாவது சபையார் கூடிச் சமைத்து எல்லாருக்கும் பரிமாறும் பொது விருந்து, இருக்கும். தலைமைச் சமையல்காரர் ஒருவரைக் கூலிக்கு அமர்த்திவிட்டு, மற்ற வேலை முழுவதையும் சபையாரே இழுத்துப் போட்டுச் செய்வதுதான் வழக்கம். கூடமாட நிற்க வாலிபர்கள் வருகிறார்கள், பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வருகிறார்கள், பம்பாயிலிருந்து லீவில் வந்தவர்களும் வேட்டியை மடித்துக் கட்டுகிறார்கள். ஆள் குறைவால் அசனம் கெட்டதாகப் பெரும்பாலும் பார்க்க முடியாது. எந்த வேலை எப்போது, யார் கையில் என்று தெரியாமல் கெடுவதைத்தான் பார்க்கலாம்.

முகம் சுளித்துக்கொண்டு வேலை செய்பவர்கள் எங்கும் இரண்டு வகைதான். ஒருவர், காலையில் வந்து நின்றும் யாரும் வேலை சொல்லாததால் ஓரமாக நிற்பவர். இன்னொருவர், முந்தின நாள் மாலையில் பிடித்த கரண்டியை மறுநாள் மூன்று மணி வரை கீழே வைக்க முடியாதவர். இந்த இரண்டையும் தவிர்த்துவிட்டால், மற்ற சந்தோஷத்தை யாரும் ஊட்டிவிட வேண்டியதில்லை. கீழே உள்ள வரிசை அதை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. கணக்கு முழுவதும் ஆயிரம் பேருக்கு. உங்கள் சபை சிறியதென்றால் அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ளுங்கள்.

1. தலைக்கணக்கு (நான்கு வாரம் முன்பு)

"போன வருஷம் போட்ட அளவே போதும்" என்று தொடங்காதீர்கள். சபைப் பதிவேட்டை எடுத்துக் குடும்பம் குடும்பமாக எண்ணுங்கள். உதாரணத்துக்கு: 170 குடும்பம், வீட்டுக்கு 4 பேர், ஆக 680. பண்டிகைக்கு வெளியூரிலிருந்து வருபவர்கள் 120. ஊரில் நாம் அழைக்கும் மற்ற மதத்தார், கடைக்காரர்கள், ஆலயத்துக்கு வேலை செய்த கொத்தனார், எலக்ட்ரீஷியன் எல்லாரும் சேர்ந்து 120. வீட்டிலேயே படுத்திருப்பவர்களுக்குப் பார்சல் 50. சமையல்காரர் குழு, பந்தல்காரர், பாடகர் குழு விருந்தினர் 30. மொத்தம் ஆயிரம்.

இதற்கு மேல் "எதற்கும் இருக்கட்டும்" என்று 200 பேருக்குச் சேர்ப்பது தாராளம்போலத் தோன்றும். மாலையில் அண்டா அண்டாவாகச் சோறு குழிக்குப் போகும்போது, அரிசி கொடுத்த வீட்டுக்காரர் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். தூக்குவாளியில் வீட்டுக்கு வாங்கிப் போகும் வழக்கம் உங்கள் ஊரில் இருந்தால் அதைத் தனி எண்ணாக எழுதுங்கள். ஒரு தூக்குவாளி மூன்று ஆள் சாப்பாட்டை விழுங்கிவிடும்.

2. ஒரு வேலைக்கு ஒரு பெயர் (மூன்று வாரம் முன்பு)

பொறுப்பைக் கமிட்டிக்குக் கொடுக்காதீர்கள், ஆளுக்குக் கொடுங்கள். கமிட்டிக்குக் கொடுத்த வேலையைக் கடைசியில் செயலாளரே செய்வார், அல்லது யாருமே செய்திருக்க மாட்டார்கள். கொள்முதல், தண்ணீர், விறகும் அடுப்பும், காய்கறி வெட்டு, கறி, பரிமாறல், இலை எடுப்பு, பார்சல், பாத்திரம், கணக்கு ஆகிய பத்துக்கும் பத்துப் பெயர். ஒருவர் பெயர் இரண்டு இடத்தில் வரக் கூடாது. பட்டியலை ஆலய வாசலில் ஒட்டுங்கள். யாரிடம் போய் "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்பது என்று புதிதாக வருபவருக்கு அதிலிருந்தே தெரிய வேண்டும்.

ஆளைப் பார்த்து வேலை கொடுப்பதில்தான் பாதி சூட்சுமம். ஓய்வுபெற்ற ஆசிரியர் பார்சல் பட்டியலைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்பார். அவரைக் கொண்டுபோய் அடுப்படியில் நிறுத்தினால் அவருக்கும் கஷ்டம், சமையல்காரருக்கும் கஷ்டம். கூச்ச சுபாவமுள்ள பையனைப் பரிமாற விடாமல் தண்ணீர் டேங்க் பொறுப்பில் வைத்தால், மூன்று மணி வரை அந்தக் குழாயை விட்டு அசைய மாட்டான். முதல் தடவை வருபவரைத் தனியாக விடாதீர்கள், பழகிய ஒருவரோடு ஜோடி சேருங்கள். யாருக்கும் ஒரே மூச்சில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வேண்டாம். அதற்கு மேல் போனால் கையில் வெட்டும் வாயில் சண்டையும் வரும்.

இருமல், சளி, வயிற்றுப்போக்கு, கையில் ஆறாத புண் உள்ளவர்கள் சமையலிலும் பரிமாறலிலும் இருக்கக் கூடாது. இதைக் கூட்டத்தில் பொதுவாகச் சொல்லிவிட்டால் யாருக்கும் மனம் நோகாது. அன்று காலையில் ஒருவரை மட்டும் தனியே கூப்பிட்டுச் சொன்னால் வருத்தம்தான். அவர்களுக்கு மைக், செருப்பு ஒழுங்கு, வண்டி நிறுத்துமிடம் என்று எவ்வளவோ வேலை இருக்கிறது.

3. சாமான் கணக்கு (இரண்டு வாரம் முன்பு)

அரிசி: கிலோவுக்கு 8 பேர். ஆயிரம் பேருக்கு 125 கிலோ.

எலும்போடு ஆட்டுக்கறி: தலைக்கு 100 கிராம். 100 கிலோ.

சாம்பாருக்குத் துவரம்பருப்பு: 25 கிலோ. கத்தரி, முருங்கை, மாங்காய் என்று காய் எல்லாம் சேர்த்து 60 முதல் 70 கிலோ.

சின்ன வெங்காயம் 25 கிலோ, தக்காளி 25 கிலோ, தேங்காய் 60.

வாழை இலை: 1,100. பத்தில் ஒன்று கிழிந்தோ வாடியோ போகும்.

மிளகாய், மல்லி, மசாலா, புளி, எண்ணெய், உப்பு இவற்றுக்குத் தலைமைச் சமையல்காரர் எழுதித் தரும் பட்டியல்தான் கணக்கு. ஒவ்வொருவர் கைப்பக்குவமும் வேறு. அந்தப் பட்டியலில் நீங்கள் திருத்தம் போட்டால், ருசி குறைந்ததற்கு அவர் உங்களைத்தான் கைகாட்டுவார்.

காணிக்கையாக வரும் பொருளில் இரண்டு இடத்தில் தவறு நடக்கிறது. முதலாவது ஆடு. "20 கிலோ ஆடு ஐந்து நேர்ந்திருக்கிறார்கள், 100 கிலோ ஆயிற்று" என்று எழுதிவிடுவார்கள். உயிர் எடையில் ஏறக்குறைய பாதிதான் கறியாகத் தேறும். 100 கிலோ கறிக்கு 20 கிலோ ஆடு பத்துப் பதினொன்று வேண்டும்.

இரண்டாவது அரிசி. ஒரு வீட்டிலிருந்து பச்சரிசி வரும், இன்னொரு வீட்டிலிருந்து புழுங்கல். ஒன்று பழைய அரிசி, மற்றது இந்த அறுவடையில் வந்த புதிது. எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் போட்டால் பாதி குழைந்து பாதி விதைவிதையாக நிற்கும். பழைய அரிசி கூடுதல் தண்ணீரும் கூடுதல் நேரமும் கேட்கும், புதிது சட்டென்று குழையும். ஆகவே அரிசி கொடுக்க விரும்புகிறவர்களிடம் இன்ன ரகம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அல்லது பணமாக வாங்கி ஒரே கடையில் ஒரே மூட்டை வரிசையில் எடுங்கள். ஏற்கெனவே வந்துவிட்ட பல ரகங்களை ரகவாரியாகப் பிரித்துத் தனித்தனி உலையில் போடலாம். திருப்பிக் கொடுத்து யாரையும் சங்கடப்படுத்த வேண்டாம்.

4. தண்ணீரும் நெருப்பும் (முந்தின நாள் காலைக்குள்)

புதியவர்கள் அரிசியை எண்ணுவார்கள், தண்ணீரை எண்ண மாட்டார்கள். குடிக்கத் தலைக்கு ஒரு லிட்டர், அது 1,000. கை கழுவ இன்னொரு 1,000. சோறு வடிக்கவும் குழம்பு வகைகளுக்கும் 1,200. அரிசி, காய், கறி கழுவ 1,000. பாத்திரம் கழுவ 1,500-க்குக் குறையாது. ஆக, 6,000 லிட்டர் கையில் இல்லாமல் அடுப்பு மூட்டாதீர்கள். குடிதண்ணீரை 20 லிட்டர் கேன்களில் தனியாக வையுங்கள், 50 கேன் வேண்டும். டேங்க் தண்ணீர் காலியாகும் நேரத்தில் யாராவது குடிதண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு பாத்திரம் கழுவப் போவார்கள். அதனால் கேன்கள் இருக்கும் இடத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும்.

விறகைக் கடைசி நாளில் இறக்கினால் ஈரத்தோடு வரும். ஈர விறகு புகையும், கொதி வராது, எல்லாம் ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிப் போகும். ஒரு கட்டையைப் பிளந்து உள்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். கைக்குக் குளிர்ச்சியாகத் தெரிந்தால் கடைக்காரரிடமே திருப்பி அனுப்புங்கள்.

அடுப்புகளுக்கு இடையே ஆறடி இடைவெளி விடுங்கள். சூடான அண்டாவை இருவர் கம்பு கொடுத்துத் தூக்கித் திரும்ப அவ்வளவு இடம் தேவை. மேலே மின்கம்பி, பந்தல் துணி கூடாது. காற்று பந்தலிலிருந்து அடுப்பை நோக்கி அடிக்கும்படி இடம் பாருங்கள். பக்கத்தில் நான்கு வாளி மணல், நான்கு வாளி தண்ணீர் வையுங்கள். அடுப்படியில் நைலான் சேலை, துப்பட்டா, தொங்கும் துண்டு வேண்டாம்.

5. முந்தின நாள் மாலை: எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது

அசனத்தில் எல்லாரும் காத்திருக்கும் வேளை இதுதான். பாட்டும் சிரிப்பும் தானாக வரும். ஆனாலும் எல்லாவற்றையும் ராத்திரியே வெட்டி முடித்துவிடும் ஆசை வேண்டாம்.

வெட்டலாம்: சின்ன வெங்காயம், பூண்டு, முருங்கைக்காய், இஞ்சி. வெங்காயத்தைக் கால் மணி நேரம் தண்ணீரில் போட்டு எடுத்தால் தோல் சுலபமாகக் கழன்று வரும், கண் எரிச்சலும் குறையும். உரித்ததைத் தண்ணீர் வடித்து, அகலத் தட்டில் பரப்பி, துணியால் மூடுங்கள். மூட்டையாகக் கட்டி வைத்தால் காலைக்குள் வாடை வந்துவிடும். இருபது பேர் வட்டமாக உட்கார்ந்தால் 25 கிலோவும் ஒரு மணி நேரத்தில் முடியும். இங்கே வயதான அம்மாக்களையும் புதுசாகக் கல்யாணமாகி ஊருக்கு வந்த பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வையுங்கள். மறுநாள் யாரை "மதினி" என்று கூப்பிடுவது, யாரை "சித்தி" என்று கூப்பிடுவது என்று அந்தப் பெண்ணுக்கு அங்கேயே தெரிந்துவிடும்.

காலையில்தான்: கத்தரிக்காய் (நறுக்கியது கறுத்துப்போகும், நறுக்கிய உடனே தண்ணீரில் போட வேண்டும்), தக்காளி, தேங்காய்த் துருவல் (ராத்திரி துருவினால் புளித்துவிடும்), மல்லித்தழை.

கறியை ஒருபோதும் முந்தின நாள் வெட்டி வைக்காதீர்கள். 100 கிலோவைக் குளிரில் வைக்கும் வசதி ஆலய வளாகத்தில் இருக்காது. கறிக்குப் பிடித்த கத்தியும் பலகையும் காய்கறிப் பக்கம் போகாதபடி கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டிவிடுங்கள். அரிவாள்மனைகளைச் சுவரோரமாக வரிசையாகப் போட்டு, பிள்ளைகள் ஓடும் வழியிலிருந்து தள்ளி வையுங்கள்.

6. அதிகாலை முதல்: சமையல் வரிசை

முதல் பந்தி 12 மணிக்கு என்று வைத்துக்கொண்டு பின்னாலிருந்து எண்ணுங்கள். 4 மணிக்கு ஆடு அறுப்பு. பத்து ஆட்டுக்கு மூன்று கசாப்புக்காரர்கள் இருந்தால் 7 மணிக்குக் கறி துண்டாகிவிடும். 7.30-க்குக் கறிக்குழம்பு அடுப்பில் ஏற வேண்டும், 10.30-க்கு வெந்துவிடும். சாம்பாருக்குப் பருப்பை 7 மணிக்குப் போடுங்கள், ரசம் 10 மணிக்கு. சோறு கடைசி.

சோற்றை முதலில் வடித்துவிட்டு "ஒரு வேலை முடிந்தது" என்று மூச்சு விடுவதுதான் மிகப் பெரிய தவறு. குழம்பைக் கங்கின்மேல் கொதிநிலையில் வைத்திருக்கலாம், சோற்றை அப்படி வைத்திருக்க முடியாது. காலை எட்டு மணிக்கு வடித்த சோறு இரண்டு மணிப் பந்திக்குப் போகும்போது அதில் கிருமி பெருகியிருக்கும். அது உண்டாக்கும் ஒரு நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. அசனம் சாப்பிட்டு வாந்தி என்றால் எல்லாரும் கறியைத்தான் சந்தேகிப்பார்கள், பல நேரம் காரணம் சோறாக இருக்கும். வடித்த சோறு இரண்டு மணி நேரத்துக்குள் இலைக்குப் போக வேண்டும்.

அதற்கு ஒரே வழி, பந்திக்கு ஓர் உலை. 125 கிலோவை 25 கிலோவாக ஐந்து பங்கு போடுங்கள். முதல் பங்கை 11.15-க்கு வடியுங்கள். அடுத்தடுத்தவை 35 நிமிட இடைவெளியில் வரட்டும். உலை கொதிப்பதே நேரத்தைத் தின்னும் என்பதால் இரண்டு அடுப்பில் மாற்றி மாற்றி வெந்நீர் தயாராக இருக்க வேண்டும்.

வடிக்கும் பதம்: கண்ணகப்பையில் (துளைக் கரண்டியில்) நாலு பருக்கை எடுத்து விரலால் நசுக்குங்கள். நசுங்க வேண்டும், நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளையாக ஒரு கடினம் தெரிய வேண்டும். அந்தக் கடினமும் போன பிறகு வடித்தால் பாயில் குவித்த பின் களியாகிவிடும், ஏனென்றால் குவியலின் சூட்டிலேயே சோறு இன்னும் கொஞ்சம் வேகும். ஓலைப்பாய்மேல் துவைத்து உலர்த்திய வேட்டி விரித்துக் கொட்டுங்கள். குவியல் ஒரு அடி உயரத்துக்கு மேல் போனால் அடிச்சோறு நசுங்கும். கஞ்சியை நடைபாதையில் ஊற்றாதீர்கள். வழுக்கி விழுபவர் கையில் கொதிக்கிற சாம்பார் வாளி இருக்கும். கஞ்சிக்குத் தனித் தொட்டி வையுங்கள், மாடு வைத்திருப்பவர்கள் வந்து எடுத்துப் போவார்கள்.

உப்புப் போடும் அதிகாரம் ஒருவருக்கு மட்டும். "உப்புக் கம்மியா இருக்குதே, அண்ணாச்சி" என்று சமையல்காரரிடம் சொல்லலாம், கையால் அள்ளிப் போடக் கூடாது. மூன்று பேர் தனித்தனியாக ருசி பார்த்து மூன்று கை உப்புப் போட்ட குழம்பைக் காப்பாற்ற வழியே இல்லை. ருசி பார்க்கச் சின்னக் கிண்ணம் வையுங்கள், கரண்டியை வாயில் வைத்தால் கழுவாமல் திரும்ப விடக் கூடாது. புளி சேர்ந்ததை அலுமினியப் பாத்திரத்திலோ ஈயம் தேய்ந்த பித்தளையிலோ வெகுநேரம் விடாதீர்கள். புளிப்பு பாத்திரத்தை அரித்து உணவில் கலக்கும்.

7. பந்தி விசாரணை

ஒரு பந்திக்கு 200 பேர். வரிசைக்கு 25 பேராக 8 வரிசை. இரண்டு வரிசைக்கு ஒரு அணி. அணியில் சோறு, கறிக்குழம்பு, சாம்பார், ரசம், தண்ணீர் என்று ஐந்து பேர். ஆக ஒரு பந்திக்கு 20 பேர். இப்படி இரண்டு செட் வைத்துக்கொண்டு பந்தி விட்டுப் பந்தி மாற்றுங்கள். 40 பேர் இல்லையென்றால் பந்தியைச் சிறிதாக்குங்கள், ஆளை நெருக்காதீர்கள்.

பரிமாறல் தொடங்குவதற்கு முன்பே கறிக்குழம்பை ஐந்து பாத்திரத்தில் சமமாகப் பிரித்து வைத்துவிடுங்கள். அடியில் துண்டும் மேலே சாறும் நிற்கும், ஆகவே ஒவ்வொரு தடவையும் அடிவரை கிளறி எடுக்க வேண்டும். இப்படிப் பிரிக்காத இடங்களில் முதல் பந்தியில் உறவுக்காரர் இலையில் கை தாராளமாகும், ஐந்தாம் பந்திக்கு வெறும் சாறு வரும். ஐந்தாம் பந்தியில் உட்காருவது பெரும்பாலும் காலையிலிருந்து வேலை செய்தவர்கள்தான். எல்லா அணிக்கும் ஒரே அளவுக் கரண்டி கொடுங்கள்.

முதல் பந்தியில் முதியவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், பிள்ளைகள். கறி சாப்பிடாதவர்களுக்கு ஒரு வரிசையை முழுதாக ஒதுக்கி, அங்கே கறிக் கரண்டியே போகாதபடி தனி வாளி வையுங்கள். பிரமுகர்களுக்குத் தனி இடம் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. போதகரான ஐயரும் பண்ணையாரும் சலவைக்காரரும் ஒரே வரிசையில் உட்காருவதற்குத்தானே அசனம்?

தொண்டர்களுக்கான கறியை ஆள் எண்ணி முன்னாடியே எடுத்து மூடி வையுங்கள். இது சுயநலம் அல்ல. கடைசியில் ரசமும் சோறும் மட்டும் கிடைத்த பையன் வாயால் ஒன்றும் சொல்ல மாட்டான், ஆனால் அடுத்த ஆண்டு வர மாட்டான்.

8. வர முடியாதவர்களின் பங்கு

வேதாகமத்தில் அப்போஸ்தலர் 6-ம் அதிகாரத்தில் சபைக்குள் முறுமுறுப்பு எழுந்தது அன்றாடப் பந்தியில் சில விதவைகள் விட்டுப்போனதால்தான். ஏழு பேரைத் தெரிந்துகொண்டு அந்தப் பொறுப்பைக் கொடுத்தார்கள். இன்றைக்கும் விட்டுப்போவது இதே இடத்தில்தான். எல்லாரும் பந்தியில் மும்முரமாக இருக்கும்போது பார்சல் பட்டியல் யார் சட்டைப் பையிலாவது கிடக்கும்.

ஆகவே பார்சலை முதல் உலையிலிருந்தே, முதல் பந்திக்கு முன்பே கட்டி அனுப்புங்கள். 50 வீட்டை ஐந்து தெருவாகப் பிரித்து, தெருவுக்கு இரண்டு பேர். கொடுத்துவிட்டு ஓடிவர வேண்டாம். இரண்டு நிமிடம் உட்கார்ந்து பேசி, கேட்டால் ஜெபித்துவிட்டு வரட்டும். ராத்திரிக்கு எடுத்து வைக்காமல் அப்போதே சாப்பிடும்படி சொல்லுங்கள். நீரிழிவு, பல் இல்லாமை, கறி ஆகாமை போன்றவற்றைப் பட்டியலில் பெயருக்கு எதிரே குறித்திருந்தால் அதற்கேற்பக் கட்டலாம்.

9. இலை, மிச்சம், பாத்திரம்

இந்த வேலைக்குக் காலையில் வேலை செய்யாத புது ஆட்களைப் போடுங்கள். களைத்தவர்களிடம் விட்டால் இலை சுவரோரம் குவியும், நாய் இழுக்கும். இலை ஒரு குழிக்கு, எலும்பு மூடிய டிரம்முக்கு, பிளாஸ்டிக் தனிச் சாக்குக்கு.

மிச்சச் சோற்றை மூன்று மணிக்கே எடைபோட்டு, சூடு இருக்கும்போதே கேட்பவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். ஆதரவற்றோர் இல்லத்துக்கு அனுப்புவதாக இருந்தால் முந்தின நாளே அங்கே பேசி, அவர்கள் சமைக்காமல் இருக்கும்படி சொல்ல வேண்டும். சொல்லாமல் கொண்டுபோய் இறக்கினால் அங்கேயும் குப்பைக்குத்தான் போகும். ராத்திரி வரை வைத்திருந்து எதையும் கொடுக்காதீர்கள்.

வாடகைப் பாத்திரத்தை இறக்கும்போதும் ஏற்றும்போதும் அதே இருவர் எண்ணிக் கையெழுத்துப் போடட்டும். காணாமல் போவது அண்டா அல்ல, கரண்டியும் மூடியும்தான். அடுப்புக் கங்கில் தண்ணீர் தெளித்து, இருட்டிய பின் ஒருமுறை போய்ப் பாருங்கள். சாம்பலுக்கு அடியில் நெருப்பு ராத்திரி வரை உயிரோடிருக்கும்.

10. கணக்கும் அடுத்த ஆண்டுக் குறிப்பும்

வரவு செலவை அடுத்த ஞாயிறே வாசலில் ஒட்டுங்கள். காணிக்கை ஆடு யார் கொடுத்தது, எத்தனை கிலோ தேறியது என்பது உட்பட எழுதுங்கள். தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் ஒரு வதந்தி கூடும்.

பத்துப் பொறுப்பாளர்களும் அந்த வாரத்துக்குள் அரை மணி நேரம் உட்காருங்கள். குறை பேச அல்ல, எண் எழுத. எத்தனை இலை விழுந்தது, எத்தனை கிலோ சோறு மிஞ்சியது, எந்தப் பந்தியில் எது தீர்ந்தது, தண்ணீர் எத்தனை மணிக்குக் குறைந்தது. பின்பு ஒவ்வொருவரிடமும் அடுத்த ஆண்டு இதே வேலையா, வேறா என்று கேளுங்கள். மூன்று ஆண்டு தொடர்ந்து எச்சில் இலை எடுத்தவரிடம் "நீங்கதான் அதுக்குச் சரி" என்று சொல்லிவிட்டுப் போவது பாராட்டு ஆகாது. அவருக்குப் பரிமாற ஆசை இருக்கலாம். இருக்கிறதா என்று கேட்டு, பதிலைப் பெயருக்கு எதிரே எழுதி, நோட்டைச் செயலாளர் வீட்டில் விடாமல் ஆலய அலமாரியில் வையுங்கள்.